ஒரு பித்தளைக் கால்

பொத்தானை அழுத்தினால்
காற்றாடி கால் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது.
மறுபடி அழுத்தினால் மறுபடி கால் சுற்று.
ஏதோ சொல்ல வாயெடுத்து
வேண்டாமென்று விழுங்கிக்கொள்கிற ஆள் மாதிரி.

கிருபாகரன் மூட்லி புறாப் பந்தயக்காரர்.
சனிக்கிழமை விடியலில் ஹாரிஸ்மித்தில் கூண்டு திறக்கும்.
முப்பத்திரண்டு புறாக்களின் கால்வளைய எண்ணும்
நான்கு பருவத்து நேரக் கணக்கும்
இந்தப் பெட்டிக்குள்தான்.
"நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா?" என்றேன்.
கராஜ் கூரையைப் பார்த்தார்.

ஸ்டேஜ் நாலு.
பத்து மணிக்கு மேர்பேங்க் முழுக்க மின்சாரம் போகும்.
இப்போது எட்டு இருபது.

முதலில் பவர் சப்ளை.
பச்சைக் கம்பியையும் கறுப்பையும்
நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் சேர்த்தேன்.
தனியாக விட்டால் ஒழுங்காகச் சுற்றுகிறது. அவன் நல்லவன்.
ராம் இரண்டையும் உருவி
தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்து
ஒன்றை மட்டும், பிறகு மற்றதை மட்டும்,
பிறகு ஒன்றுமே இல்லாமல்.
ராம் இல்லையென்றால் பலகை கத்த வேண்டும்.
சின்ன ஸ்பீக்கரைச் செருகிவிட்டுக் காத்திருந்தேன்.
கத்தவில்லை.
அங்கேதான் வயிற்றைக் கலக்கியது.

வட்ட பேட்டரியில் ஒன்றே கால் வோல்ட்தான் மிச்சம்.
அட, இதுதானா என்று புதியது போட்டேன்.
இதுவல்ல.
கெபாசிட்டர் எதுவும் வீங்கவில்லை.
சவுண்ட் கார்டின் அடியில் ஒரு பல்லி முட்டை, வெறும் ஓடு.
மற்றபடி எங்கும் புறா இறகுத் தூள், மாவு சலித்தது போல.
தும்மினேன்.
பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

ஒன்பது பத்து.
"மதர்போர்டு போச்சு" என்பதுதான்
இந்தத் தொழிலில் மிகச் சுலபமான வாக்கியம்.
யாரும் எதிர்த்துப் பேச முடியாது.
ஆயிரத்து எண்ணூறு ரேண்ட், கூலி தனி.
நாக்கு நுனி வரை வந்தது.

பலகையை வெளியே எடுத்து
பீட்சா வந்த அட்டைமேல் கிடத்தி
ராமைச் செருகி, இரண்டு ஊசிகளையும்
திருப்புளி முனையால் தொட்டேன்.
காற்றாடி சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
ஒரே ஒரு பீப்.

அப்படியென்றால் பழி பெட்டியின் மேல்.
வெற்றுப் பெட்டிக்குள் டார்ச் அடித்தேன்.
பலகையில் துளையே இல்லாத இடத்தில்
ஒரு பித்தளைக் கால் நிமிர்ந்து நின்றது,
இலை போடாத இடத்தில் பந்தியில் உட்கார்ந்தவன் போல.
பலகையைத் திருப்பினேன்.
அதே இடத்தில் பச்சைப் பூச்சு தேய்ந்து
மிளகளவு செம்பு மினுங்கியது.
துறைமுகத்து லாரிகள்
அவருடைய கிளேர்வுட் தெருவை இரவும் பகலும் உலுக்க
மயிரிழை மயிரிழையாக அரைபட்டிருக்கிறது.

எந்த மடையன் இதை மாட்டியது?

பெட்டியின் உள்பக்கம் ஒரு ஒட்டுத்தாள்.
இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.
'புதிய பெட்டிக்கு மாற்றியது: கோகிலம் பிள்ளே.'
பிள்ளேயின் முதல் எழுத்தை
வயிற்றை மூடாமல் விடுகிறவள்
மேர்பேங்கில் ஒருத்திதான்.

காலைக் கழற்றினேன்.
செம்புமேல் நாடா ஒட்டி, பலகையை இறக்கி,
ஒவ்வொரு திருகையும் எண்ணி முறுக்கினேன்,
பரீட்சை எழுதுகிறவள் போல.
திரை விழித்தது.
பட்டியலில் முதல் புறாவின் எண் வந்தது.
இரண்டாவது வருவதற்குள்
பத்து மணி.

இருட்டில் அவர் கேட்டார்: "என்ன கோளாறு?"
"ஒரு கால் அதிகம். மாட்டியது நான்."
முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

"ரெண்டு வருஷம் ஓடிச்சே" என்றார், வெகுநேரம் கழித்து.
அது மன்னிப்பா, கணக்கா?
அவர் சிரித்தாரா, தொண்டையைச் செருமினாரா?
எங்கேயோ ஒரு லாரி கியர் மாற்றியது.
சட்டைப்பையில்
பித்தளை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.